பேப்பர் அனுப்பி ஏழு மாசமாச்சு, ஜர்னல்காரங்க உள்ள என்னதான் பண்றாங்க?

தம்பி, நீங்க கேட்டத நான் புரிஞ்சிக்கிட்ட வரைக்கும் முதல்ல சொல்லிடறேன். பாடாங் செராய்ல இருந்து எழுதறீங்க, மாஸ்டர்ஸ் கடைசி கட்டம். செம்பனை ஆலை பாய்லர் சாம்பல சிமெண்டுல கொஞ்சம் குறைச்சு அதுக்கு பதிலா போட்டு கான்கிரீட் செஞ்சு பாத்திருக்கீங்க. அத ஒரு இஞ்சினியரிங் ஜர்னலுக்கு அனுப்பி ஏழு மாசமாச்சு, சிஸ்டத்துல திறந்து பாத்தா "பரிசீலனையில்"னு அதே ஒரு வரி. நடுவுல யாரோ வாட்ஸ்அப்புல வந்து இன்னொரு ஜர்னல் பேர சொல்லி ரெண்டாயிரம் வெள்ளி கட்டுனா ரெண்டே வாரத்துல போட்டுத் தர்றோம்னு சொல்றாங்க, கட்டலாமானு கேக்கறீங்க. கேள்வி ரெண்டா தெரியுது ஆனா உள்ள இருக்கறது ஒண்ணுதான்: பன்னெண்டு பக்கம் படிக்க ஏழு மாசமா, இவங்க வேலை செய்யறாங்களா இல்ல என்னை ஏமாத்தறாங்களா. அதுக்குத்தான் பதில் சொல்லப் போறேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் லூனாஸ்காரன், சிவில் படிச்சு ஒரு பல்கலைக்கழகத்துல ஸ்ட்ரக்சர் பாடம் நடத்தினவன், இப்ப ரிட்டையர். நடுவுல பல வருசம் ஒரு இஞ்சினியரிங் ஜர்னல்ல முதல்ல துணை எடிட்டர், அப்புறம் அந்த ஜர்னலையே நடத்தற பொறுப்பு. அதனால பல்கலைக்கழகம் நடத்தற ஜர்னல் எப்படி ஓடுதுனு எனக்கு நல்லா தெரியும், பெரிய வெளிநாட்டு பதிப்பகத்துக்கு ரிவியூவரா, அதாவது வந்த பேப்பர படிச்சு போடலாமா வேணாமானு கருத்து சொல்ற ஆளா, இருந்த அளவுக்கு அவங்க பக்கமும் தெரியும். மருத்துவம், சட்டம் மாதிரி துறைகள்ல வேற வழக்கம், அதுக்குள்ள நான் போகல. உங்க பேப்பர நான் பாக்கல, அதனால அது ஏன் நிக்குதுனு அடிச்சு சொல்ல மாட்டேன், எங்கெங்க நிக்க வாய்ப்பு இருக்குனு மட்டும் காட்டறேன்.

நிச்சயமா தெரிஞ்சத முதல்ல சொல்லிடறேன். ஏழு மாசமும் யாரும் உங்க பேப்பர படிச்சிட்டு இருக்கல. ஒழுங்கா படிக்கற ரிவியூவருக்கு ஒரு பேப்பருக்கு அஞ்சாறு மணி நேரம் போதும், ரொம்ப கவனமா பாத்தா ஒரு நாள். மீதி அத்தனையும் காத்திருப்புதான். யார் யாருக்காக காத்திருக்காங்கனு தெரிஞ்சா கோவம் கொஞ்சம் குறையும், முழுசா குறையாது, குறையவும் வேணாம்.

ஜர்னல்னா ஒரு பெரிய ஆபிஸ், வரிசையா மேசை போட்டு ஆளுங்க உக்காந்திருப்பாங்கனு வெளிய நினைக்கறாங்க. நம்ம மலேசியாவுல பல்கலைக்கழக ஜர்னல் முக்காவாசியில தலைமை எடிட்டர் ஒரு பேராசிரியர், அவருக்கு கிளாஸ் இருக்கு, பிஎச்டி பசங்க இருக்காங்க, கமிட்டி மீட்டிங் இருக்கு, ஜர்னல் வேலைக்கு தனி சம்பளம் கிடையாது, வருச கடைசி மதிப்பீட்டுல கொஞ்சம் புள்ளி கிடைக்கும் அவ்வளவுதான். கீழ துறைக்கு ஒருத்தரா சில துணை எடிட்டருங்க. அப்புறம் ஒரே ஒரு கிராணி, மெயில் எல்லாம் அந்தம்மா கையிலதான். பக்கம் போடறதுக்கு பார்ட் டைம்ல ஒரு ஆள். சாப்ட்வேர் பெரும்பாலும் ஓஜேஎஸ், கனடாவுல ஒரு பல்கலைக்கழகக் குழு எழுதி இலவசமா விட்டது, அது இல்லைனா பல சின்ன ஜர்னல் என்னைக்கோ படுத்திருக்கும். அந்த கிராணி பிரசவ லீவுல போனா ஜர்னலே மூணு மாசம் நொண்டும், இது ஜோக் இல்ல.

ஜனவரியில புது வால்யூம் நம்பர் போட்டு வருசம் ஆரம்பிக்கும். டிஓஐ நம்பர், அதான் ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள நிரந்தர அடையாள எண், அத கொடுக்கற கிராஸ்ரெஃப் அமைப்புக்கு சந்தா கட்டணும், அது தவிர புதுசா பதியற ஒவ்வொரு கட்டுரைக்கும் ரொம்ப வருசமா ஒரு அமெரிக்க டாலர். தொகை பெருசில்ல, ஆனா பல்கலைக்கழக பைனான்ஸ்ல அமெரிக்க டாலர்ல பணம் கட்ட கையெழுத்து வாங்கறது இருக்கே, அது ஒரு தனி திருவிழா. இந்த நேரத்துல மேசை மேல போன வருசத்து மிச்சம் ஒரு குவியல் கிடக்கும், ஏன்னா டிசம்பர்ல எல்லாரும் கடைசி நாள் பஸ் பிடிக்கற கணக்கா அனுப்பி இருப்பாங்க. அத கழிச்சு எடுக்கறதுக்குள்ள சீனப் பெருநாள் வந்துடும்.

வந்த பேப்பர் எல்லாம் ரிவியூவருக்கு போகாது, முதல் சலிப்பு எடிட்டர் மேசையிலயே நடக்கும். வேற எங்க இருந்தாவது எழுத்து அப்படியே வந்திருக்கானு ஒரு மென்பொருள்ல போட்டு பாப்பாங்க. இதுல பசங்க ஒரு விசயத்த தப்பா பிடிச்சிட்டு இருக்காங்க, இருபது சதவீதத்துக்கு கீழ இருந்தா பாஸ், மேல இருந்தா பெயில்னு. அப்படி இல்ல. டெஸ்ட் முறை விளக்கம், ஸ்டாண்டர்டு பேரு, ரெஃபரன்ஸ் பட்டியல் எல்லாம் சேந்து முப்பது வந்தாலும் ஒண்ணுமில்லாம போகலாம், மொத்தம் பன்னெண்டுதான் ஆனா அந்த பன்னெண்டும் ஒரே பேப்பரோட முடிவுரையில இருந்து வந்திருந்தா அங்கயே கதை முடிஞ்சது. அப்புறம் பொருத்தம் பாப்பாங்க. ஜர்னல் ஸ்ட்ரக்சர் பத்தினது, வந்த பேப்பர் மார்க்கெட்டிங் சர்வேயா இருக்கும். மூணாவதுதான் முக்கியம், இதுல புதுசா என்ன இருக்கு.

உங்களுக்கு இது நேரடியா பொருந்தும். பாய்லர் சாம்பல் கான்கிரீட்டுக்கு 1990கள்ல இருந்தே பேப்பர் வந்துட்டு இருக்கு, நம்ம நாட்டுலயே எத்தனையோ. பத்து சதவீதம், இருபது, முப்பதுனு மாத்தி மாத்தி போட்டு 28ஆம் நாள் கியூப (சோதனைக்கு வார்க்கற கான்கிரீட் கட்டி) உடைச்சு இருபதுதான் நல்லதுனு முடிக்கற பேப்பர் எடிட்டர் கண்ணுக்கு வந்த உடனே அலுத்துடும். ஆனா அதே பேப்பர்ல சாம்பல் எந்த ஆலையில எந்த இடத்துல எடுத்தது, நாரும் ஓடும் எந்த அளவுல எரிச்சாங்க, எரியாத கரி எவ்வளவு மிச்சம், எவ்வளவு நைசா அரைச்சீங்க, ஒரு வருசம் கழிச்சு உப்புத் தண்ணியில என்ன ஆச்சு, இப்படி இருந்தா எடிட்டர் நிமிந்து உக்காருவாரு. ஆலை பக்கத்துலயே வளந்த புள்ள நீங்க, பாய்லர் நாளுக்கு நாள் ஒரே சீரா எரியாதுனு கிளாஸ்ரூம்ல இருக்கறவர விட உங்களுக்கு நல்லா தெரியும், அத எழுதி இருக்கீங்களா? ஏழு மாசம் தாண்டிட்டதால பெரும்பாலும் இந்த முதல் சலிப்ப நீங்க தாண்டிட்டீங்கனு நினைக்கறேன். பெரும்பாலும்னுதான் சொல்றேன், ஏன்னா எடிட்டர் பாக்காமலே பெட்டியில கிடந்த பேப்பரும் உண்டு.

இப்ப உண்மையான இழுவைக்கு வரேன். எடிட்டர் ரெண்டு ரிவியூவர் தேடணும், சில ஜர்னல் மூணு. இவங்களுக்கு காசு கிடையாது, பேரும் வெளிய வராது. 2018ல பப்ளோன்ஸ்னு ரிவியூ கணக்கு பதிஞ்சு வைக்கற நிறுவனம் ஒரு அறிக்கை விட்டாங்க, ஒரு ரிவியூ கைக்கு வர 2013ல சராசரியா 1.9 பேர கேட்டா போதும், 2017ல அது 2.4 ஆயிடுச்சுனு. இது எல்லாத் துறைக்கும் பெரிய ஜர்னலுக்கும் சேத்து. எங்கள மாதிரி ஜர்னல்ல எட்டு பத்து பேருக்கு எழுதினாதான் ரெண்டு பேர் சரினு சொல்லுவாங்க, அந்த ரெண்டுல ஒருத்தர் அப்புறம் காணாம போயிடுவாரு. தோட்டத்துல பெரட்டுக்கு நிக்கும்போது பேர் வாசிச்சா பாதி பேர் குரலே வராதே, அந்த கதைதான், ஆனா இங்க தண்டல் லயத்துக்கு போய் கதவ தட்ட முடியாது. அதே அறிக்கைதான் பத்து சதவீத ரிவியூவருங்கதான் உலகத்துல பாதி ரிவியூவ செய்யறாங்கனும் சொல்லுச்சு. 2020ல மட்டும் உலகம் பூரா ரிவியூவருங்க கொடுத்த நேரம் பத்து கோடி மணி நேரத்துக்கு மேலனு இன்னொரு ஆய்வு கணக்கு போட்டிருக்கு. அத்தனையும் இலவசம். அப்ப நல்லா செய்யறவங்க மேலயே மேல மேல வந்து விழுது, அவங்களும் ஒரு நாள் பதில் போடறத நிறுத்திடறாங்க.

இதுல காலண்டர் வேற. ஒருத்தருக்கு மெயில் போட்டா பதிலுக்கு ஒரு வாரம் பத்து நாள் விடணும், அப்புறம்தான் அடுத்தவர கேக்க முடியும். சரினு சொன்னவருக்கு மூணு நாலு வாரம். அந்த நாலு வாரத்துல நோன்புப் பெருநாள் விழுந்தா உள்நாட்டுக்காரங்க யாரும் கிடைக்க மாட்டாங்க, ஆகஸ்ட்னா ஐரோப்பாக்காரங்க லீவுல, அக்டோபர் முதல் வாரம் சீனாவுல தேசிய தின விடுமுறை, நமக்கு தீபாவளி, அப்புறம் கிறிஸ்மஸ். நடுவுல செமெஸ்டர் பரீட்சை தாள் திருத்தற மாசங்கள். ஒவ்வொண்ணும் ரெண்டு வாரம்தான் தின்னுது, ஆனா நீங்க அனுப்பின தேதி சரியா அதுக்கு முன்னாடி மாட்டிக்கிச்சுனா வரிசையா தின்னும். நான் பாத்த அளவுல ஒரு பேப்பர் நாலு அஞ்சு மாசத்துல முதல் முடிவுக்கு வந்தா அது ஒழுங்கா ஓடற ஜர்னல். ஏழு மாசம் அதிகம்தான் ஆனா அதிசயம் இல்ல.

அப்ப ஏன் ஆசிரியரே ரிவியூவர் பேர கொடுக்க விட்டுடக் கூடாதுனு கேப்பீங்க. விட்டுத்தான் இருந்தாங்க, இப்பவும் பல இடத்துல ஃபார்ம்ல அந்த கட்டம் இருக்கு. 2014ல என்ன நடந்துச்சுனு பாருங்க. ஜர்னல் ஆஃப் வைப்ரேஷன் அண்ட் கண்ட்ரோல்னு அதிர்வு சம்பந்தப்பட்ட இஞ்சினியரிங் ஜர்னல், சேஜ் பதிப்பகம். பொய் ஈமெயில் கணக்கு நிறைய திறந்து, அந்த பேர்கள்ல தங்க பேப்பர தாங்களே ரிவியூ பண்ணி பாஸ் போட்டிருக்காங்கனு கண்டுபிடிச்சு ஒரே அடியா 60 பேப்பர வாபஸ் வாங்கினாங்க. அதுல அஞ்சு பேப்பர்ல தைவான் கல்வி அமைச்சர் பேரும் இருந்துச்சு, தனக்கு இது தெரியாதுனு சொன்னாரு, ஆனாலும் பதவி விலகிட்டாரு. அதுக்கப்புறம் கவனமா இருக்கற எடிட்டர் நீங்க கொடுக்கற பேர சும்மா ஒரு யோசனையா மட்டும் எடுத்துக்குவாரு, ஜிமெயில் முகவரியா இருந்தா ஆளு யாருனு தோண்டுவாரு. அந்த தோண்டறதும் உங்க ஏழு மாசத்துல இருக்கு.

நல்ல ரிவியூவர் என்ன பண்ணுவாருனு ஒண்ணே ஒண்ணு சொல்றேன், நான் எடிட்டரா இருந்தப்ப வந்தது. கான்கிரீட் பேப்பர், ஆங்கிலம் சுத்தம், படமெல்லாம் அழகு. முதல் ரிவியூவர் நாலு வரியில பிரமாதம்னு எழுதிட்டாரு. ரெண்டாமவர் லேப்ல கியூப் உடைச்சே தலை நரைச்ச மனுசன், அவர் ஒரு டேபிள மட்டும் பிடிச்சாரு. ஒவ்வொரு கலவைக்கும் மூணு மூணு கியூப் உடைச்சு வலிமைய மெகாபாஸ்கல்ல போட்டிருந்தாங்க, 41.2, 41.3, 41.2. அடுத்த கலவை 38.6, 38.6, 38.7. கீழ வரைக்கும் இப்படியே. அவர் எழுதினது ரெண்டே வாக்கியம்: ஒரே தொட்டியில கலந்து ஒரே ஆள் குத்தி ஒரே தண்ணியில ஊறப் போட்டாலும் மூணு கியூப் இவ்வளவு ஒத்துமையா உடையாது, ஒண்ணு ரெண்டு மெகாபாஸ்கலாவது ஏறி இறங்கும். மிஷின் பதிவ அனுப்பச் சொல்லுங்க. நாங்க கேட்டோம், உடைஞ்ச கியூப் போட்டோ, லேப் புத்தகம், மிஷின் பிரிண்ட். முதல்ல ஹார்ட் டிஸ்க் போச்சுனு பதில், அப்புறம் மௌனம், அப்புறம் பேப்பர வாபஸ் வாங்கிக்கறோம்னு ஒரு கடிதம். கொஞ்ச நாள் கழிச்சு அதே பேப்பர் வேற ஒரு ஜர்னல்ல வந்திருந்துச்சு, டேபிள்ல அந்த மூணு மூணு எண்ணும் காணோம், சராசரி மட்டும் நிக்குது. எண்ணு பொய்யினு என்னால நிரூபிக்க முடியாது, அதனால பேர் ஊர் எதுவும் சொல்லல. ஆனா அந்த ரெண்டு வாக்கியம் வர ஒன்பது வாரம் ஆச்சு, எனக்கு அது வீண் போனதா தெரியல. பத்து நாள்ல வந்த அந்த நாலு வரி பிரமாதத்தாலதான் பிரயோஜனம் இல்ல.

இப்ப புதுசா ஒரு தலைவலி, ரிவியூவே ஏஐ எழுதி வருது. மரியாதையா இருக்கும், முழு நீளத்துக்கு இருக்கும், படம் ஆறுல அச்சு அலகு தப்புனு ஒரு வார்த்தை இருக்காது. ஆசிரியரா ஏஐய போடக் கூடாதுனு கோப் அமைப்பு, அதான் 1997ல இங்கிலாந்துல ஆரம்பிச்ச பதிப்பு நெறிமுறை அமைப்பு, 2023லயே தெளிவா சொல்லிடுச்சு. ரிவியூவர் பக்கம் அவ்வளவு தெளிவு இல்ல, ஜர்னலுக்கு ஜர்னல் விதி வேற, இது இன்னும் ஓடிட்டு இருக்கற சண்டை.

ஜூன் மாசம் ஜர்னல் ஆபிஸ்ல ரிசல்ட் மாசம். இம்பேக்ட் ஃபேக்டர் அப்பத்தான் வரும், ஸ்கோபஸ்னு ஒரு பெரிய ஆய்வுக் கட்டுரைப் பட்டியல் இருக்கு, அது ஜர்னலுக்கு கொடுக்கற சைட்ஸ்கோரும் அதே சமயத்துல. இம்பேக்ட் ஃபேக்டர் கணக்கு சுலபம், போன ரெண்டு வருசத்துல போட்ட கட்டுரைங்கள இந்த ஒரு வருசத்துல எத்தன தடவ மேற்கோள் காட்டினாங்களோ அத அந்த கட்டுரை எண்ணிக்கையால வகுக்கறது. வருசத்துக்கு நாப்பது கட்டுரை போடற சின்ன ஜர்னல்ல ஒரே ஒரு கட்டுரை நல்லா ஓடிட்டா எண்ணு துள்ளும், அது பழசானதும் விழும், ஜர்னலோட தரம் அங்கயேதான் இருக்கும். ஆனா எண்ணு ஏறின மாசம் பேப்பர் வந்து கொட்டும், அதுல பாதி துறைக்கே சம்பந்தமில்லாதது, அதுங்கள திருப்பி அனுப்பவே ஆறு வாரம். நீங்க ஜூன் ஜூலைல அனுப்பி இருந்தா அந்த கூட்டத்துல மாட்டி இருக்கலாம். இந்த எண்ண வச்சு எடிட்டருக்கு ஒரு சபலமும் வரும், ஏத்துக்கறேன் ஆனா எங்க ஜர்னல் கட்டுரை நாலஞ்ச மேற்கோள் காட்டுனு. அப்படி யாராவது காரணமே சொல்லாம கேட்டா உங்களுக்கு அது ஒரு எச்சரிக்கை, அளவு மீறி தன்னையே மேற்கோள் காட்டற ஜர்னலுக்கு எண்ணே கொடுக்காம நிறுத்தி வைக்கறதும் வருசா வருசம் நடக்குது.

ஏத்துக்கிட்ட பிறகு வர வேலைய யாரும் மதிக்க மாட்டாங்க, ஆனா கிராணியம்மா உயிர எடுக்கறது அதுதான். மங்கலான படத்த திருப்பிக் கேக்கணும், ரெஃபரன்ஸ் ஒவ்வொண்ணும் இருக்கானு பாக்கணும், ப்ரூஃப் அனுப்பி ரெண்டு நாள்ல திருத்தித் தாங்கனா ரெண்டு வாரம் கழிச்சு முழு பத்தியவே மாத்தி எழுதி அனுப்பற புண்ணியவானுங்க இருக்காங்க. நம்மாளுங்களுக்குனு தனியா ஒரு சிக்கல் உண்டு, பேரு. ஐசியில இருக்கற ஏ/எல், ஏ/பிய (இன்னாரோட மகன், மகள்னு அர்த்தம்) அப்படியே ஃபார்ம்ல அடிச்சிட்டா சிஸ்டம் எத குடும்பப் பேருனு எடுக்கும்னு சொல்ல முடியாது, அப்பா பேர்ல மேற்கோள் ஏறி நிக்கற பிள்ளைங்க எத்தனையோ பேர், ஒரே ஆளு மூணு ஆளா பதிவாகி இருக்கறதையும் பாத்திருக்கேன். இப்பவே ஒரு ஆர்கிட் எண், அதான் ஆய்வாளருக்கான அடையாள எண், எடுத்து வச்சிக்கோங்க, 16 இலக்கம், இலவசம், எல்லா பேப்பர்லயும் பேர ஒரே விதமா எழுதுங்க.

நவம்பர் டிசம்பர் வந்தா மெயில் பெட்டிய திறக்கவே பயமா இருக்கும். எல்லா பல்கலைக்கழகத்துலயும் மதிப்பீடு வருச கணக்குல ஓடறதால, ஐயா இந்த வருசத்து இஷ்யூவுல வந்துடுமா, என் பதவி உயர்வு இதுலதான் இருக்கு, என் பையன் பட்டம் இதுலதான் இருக்குனு கெஞ்சல். மனசு இளகும். இளகி ஒருத்தர முன்னாடி தள்ளினா வரிசையில நின்ன ஒருத்தர் பின்னாடி போவாரு, அவர் மெயில் போடத் தெரியாத ஆளா இருப்பாரு. அதனால நான் தள்ளினதில்ல, திட்டு வாங்கி இருக்கேன்.

இதெல்லாம் தெரிஞ்ச பிறகு அந்த ரெண்டு வாரம் ரெண்டாயிரம் வெள்ளி விசயத்த யோசிங்க. ரெண்டு ஆள தேடிப் பிடிக்கவே ரெண்டு வாரம் போதாது, அப்ப முடிவு என்னனு முன்கூட்டியே எப்படி வாக்கு கொடுக்கறாங்க? காசு வாங்கறதே தப்புனு நான் சொல்லல, எல்லாரும் இலவசமா படிக்கறதுக்காக ஆசிரியர்கிட்ட கட்டணம் வாங்கற நேர்மையான ஜர்னல் இருக்கு. வேகமா பண்றதெல்லாம் மோசடியும் இல்ல, சம்பளத்துக்கு ஆள் வச்சிருக்கற பெரிய பதிப்பகம் சிலது நிஜமாவே வேகம், அதுங்களோட தரம் பத்தி என் நண்பருங்களுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாது. ஆனா ரிவியூவுக்கு முன்னாடியே ஏத்துக்கறோம்னு சொல்றது, அதுவும் வாட்ஸ்அப்புல வந்து சொல்றது, இதுல எனக்கு சந்தேகமே இல்ல, கட்டாதீங்க. ஹைதராபாத்ல ஜர்னல் போடற ஓமிக்ஸ் கம்பெனி மேல ரிவியூ நடக்குதுனு பொய் சொல்லி காசு வாங்கினாங்கனு வழக்கு போட்டு 2019ல அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல கட்டச் சொல்லி தீர்ப்பு கொடுத்துச்சு. பெரிய பேரும் காப்பாத்தாது, வைலி பதிப்பகம் 2021ல வாங்கின ஹிந்தாவி பதிப்பகத்தோட ஜர்னல்கள்ல இருந்து 2023ல மட்டும் எட்டாயிரத்துக்கு மேல கட்டுரை வாபஸ் ஆச்சு, கடைசியில அந்த பேரையே எடுத்துட்டாங்க. அதுல நேர்மையா எழுதினவங்க பேரும் சேந்துதான் அடிபட்டுச்சு, பாவம்.

அந்த ஜர்னல் பேர நீங்களே சோதிக்கலாம், கால் மணி நேரம்தான். ஸ்கோபஸ்ல இருக்கோம்னு அவங்க பக்கத்துல போட்டிருக்கற சின்னத்த நம்பாதீங்க, ஸ்கோபஸோட சொந்த பட்டியல்ல ஜர்னலோட அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் எட்டு இலக்கத்த போட்டு தேடுங்க, இப்பவும் சேத்துக்கிட்டு இருக்காங்களா இல்ல நிறுத்திட்டாங்களானு அங்க வருசம் போட்டிருக்கும். உள்ளூர் ஜர்னல்னா மைஜர்னல், மைசைட்னு இருக்கற மலேசிய பட்டியல்கள்ல பாருங்க. இலவச ஜர்னல்னா டிஓஏஜே பட்டியல். நல்ல ஜர்னலோட பேரையும் எண்ணையும் அப்படியே திருடி போலி வெப்சைட் போடற கும்பலும் இருக்கு, அதனால வாட்ஸ்அப்புல வந்த லிங்க தொடவே வேணாம். அப்புறம் அந்த எடிட்டர் குழுவுல ஒருத்தர் பேர எடுத்து, அவர் பல்கலைக்கழக முகவரிக்கு நீங்களே எழுதிக் கேளுங்க, ஐயா நீங்க இதுல இருக்கீங்களானு. பாதி நேரம் அவருக்கே தெரியாது.

ஒரு விசயம் இங்க சொல்லணும்னு தோணுது. கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில வேலை செய்யற நம்ம பசங்க டவுன்ல கோப்பி குடிக்க உக்காந்தா, பேப்பர்லாம் ப்ரொமோஷனுக்குத்தானே அங்கிள், யார் படிக்கறாங்கம்பாங்க. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925ல ஆரம்பிச்சு 1929ல இருந்து ஒரு ஜர்னல் போட்டுட்டு வந்தாங்க, இன்னைக்கும் ஜர்னல் ஆஃப் ரப்பர் ரிசர்ச்னு ஓடுது. எங்க வீட்டுல யாரும் அத தொட்டதில்ல. ஆனா அந்தக் கழகத்து ரப்பர் ரகம் ஆர்ஆர்ஐஎம் 600னு மரத்த நம்பர் சொல்லி எங்கப்பா அடையாளம் காட்டுவாரு, எந்த மரத்துக்கு என்ன வெட்டுனு அவர் கத்திக்கு வந்து சேந்ததெல்லாம் அங்க யாரோ சோதிச்சு, எழுதி, இன்னொருத்தர் சரி பாத்ததுதான். உங்க சாம்பல் பேப்பர நாளைக்கு யாராவது நம்பி ஒரு வாய்க்கால் ஸ்லாப் போட்டா என்ன ஆகும்னு நினைச்சு பாருங்க, அந்த ரிவியூவர் மேல கோவம் வராது.

சரி, இப்ப என்ன செய்யறது. சிஸ்டத்துல "பரிசீலனையில்"னு இருக்கறது ரிவியூவர் கையில இருக்குனு மட்டும் அர்த்தம் இல்ல, சில ஜர்னல்ல ஆள் தேடிட்டு இருக்கும்போதும் அதே வரிதான் காட்டும், அத எப்படி வைக்கறதுங்கறது அவங்க விருப்பம். அதனால எழுதிக் கேளுங்க. மூணு மாசத்துக்கு மேல ஆனா கேக்கறது மரியாதைக் குறைவே இல்ல. பேப்பர் நம்பர், தலைப்பு, அனுப்பின தேதி போட்டு, எத்தன ரிவியூ வந்திருக்கு, முடிவு எப்ப எதிர்பாக்கலாம்னு நாலு வரி. உங்க பட்டத்துக்கு தேதி இருக்குனா அதையும் ஒரு வரியில சொல்லுங்க, கெஞ்ச வேணாம், மிரட்டவும் வேணாம். முதல்ல சூப்பர்வைசர்கிட்ட காட்டிட்டு அனுப்புங்க, அவர் அந்த எடிட்டர தெரிஞ்சவரா இருந்தாலும் இருப்பாரு. ரெண்டு வாரம் பாத்துட்டு திரும்ப ஒண்ணு. ரெண்டுக்கும் பதில் இல்லைனா வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுத்துல கொடுத்து, வாபஸ் ஆயிடுச்சுனு அவங்க எழுத்துல உறுதி பண்ணின பிறகுதான் வேற ஜர்னலுக்கு அனுப்பணும். இங்கயும் கிடக்கட்டும் அங்கயும் போகட்டும்னு ரெண்டு இடத்துல போட்டீங்கனா, ரெண்டு எடிட்டரும் தற்செயலா ஒரே ரிவியூவர கேட்டு மாட்டின கதை நிறைய, எங்க துறை அவ்வளவு சின்னது. மெயில செவ்வாய் புதன்ல போடுங்க, டிசம்பர் பாதிக்கு மேல போட்டா ஜனவரி ரெண்டாவது வாரம் வரைக்கும் யாரும் திறக்க மாட்டாங்க, அத பதில் வரலனு கணக்குல சேத்துக்காதீங்க.